தேர் திரும்பும் முனை

எங்கள் வீட்டில் ஒரே சொல் இரண்டு எழுத்தில் புழங்கியது. அப்பா வழியில் கத்தோலிக்கர்; அங்கே 'செபம்'. அம்மா வழியில் சீர்திருத்த சபையான லுத்தரன், அங்கே 'ஜெபம்'. மாலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் அப்பாயி திண்ணையில் உட்கார்ந்தபடியே மூவேளைச் செபத்தைச் சொல்லி முடித்து, ஆணியில் தொங்கும் செபமாலையை எடுத்துக்கொள்வார். பொறையாற்றுப் பக்கம் அம்மாச்சி வீட்டில் விடியலில்தான் ஜெபம். பாயைச் சுருட்டுவதற்கு முன்பே அதன்மேல் முழங்காலிட்டு, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டிருப்பார். நடவுக்கு வந்து காலில் முள் குத்திக்கொண்ட பெண்ணின் பெயரும் அதில் வரும், கடன் வாங்கித் திருப்பித் தராதவர் பெயரும் வரும். இருவரும் ஒரே ஆண்டவரிடம்தான் பேசினார்கள். எழுத்து மட்டும் வேறு.

இந்த இரண்டு பெண்களையும் நினைத்துக்கொள்ளாமல், இன்று காவிரிப் படுகையில் கிறிஸ்தவர்களிடையே நடக்கும் ஒரு வாதத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது. கோயிலில் குத்துவிளக்கு ஏற்றலாமா? தை மாதம் கோயில் வாசலில் பொங்கல் வைக்கலாமா? பெண்கள் பொட்டு வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கலாமா? இயேசுவின் பாடுகளைப் பரதமாக ஆடலாமா? இளைஞர் கூட்டத்தில் தொடங்கி வாட்ஸப் குழுக்கள் வரை இவை ஓயாமல் அலசப்படுகின்றன. உலகத்தோடு ஒத்துப்போவதா, ஒதுங்கி நிற்பதா என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் அடியில் இருக்கிறது. வாதத்தின் வரலாறு தெரிந்தால், முந்நூறு ஆண்டுகளாக ஒரு சிறிய கேள்வியை வைத்துக்கொண்டு பெரிய கேள்வியை நழுவவிட்டிருக்கிறோம் என்பது புரியும்.

மணலில் எழுதியவர்

தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடமிருந்து உடன்படிக்கை வழியாகப் பெற்றார்கள். மிளகு வியாபாரத்துக்காக வந்தவர்கள் அவர்கள். அங்கே 1706 ஜூலை 9 அன்று இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள்: பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றி புளுட்சோ. டேனிஷ் அரசர் அனுப்பியவர்கள்தான். ஆனாலும் கோட்டையிலிருந்த டேனிஷ் தளபதிக்கு அவர்களைக் கண்டால் ஆகவில்லை. பின்னர் சீகன்பால்குவை நான்கு மாதம் சிறையிலேயே வைத்தார்.

சீகன்பால்கு தமிழ் கற்ற விதம் இன்றும் என்னை நெகிழவைக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரை வரவழைத்து, சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். இரண்டே ஆண்டுகளில் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதினார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் 1708-ல் ஜெர்மனில் பெயர்த்தார். பேச வந்தவர் முதலில் கேட்கக் கற்றுக்கொண்டார்.

1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை ஒரு பெரிய நூலாக எழுதி, ஜெர்மனியில் ஹாலே நகரில் இருந்த தம் ஆசிரியர் பிராங்கேவுக்கு அனுப்பினார். சிலை வழிபாட்டை ஒழிக்க அனுப்பப்பட்டவர்களே அந்தக் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்று பிராங்கே அதை அச்சேற்ற மறுத்துவிட்டார். சென்னையில் அது அச்சானது 1867-ல். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கையெழுத்துப் படியாகவே கிடந்திருக்கிறது. அண்டை வீட்டுக்காரரின் நம்பிக்கையை ஊன்றிக் கவனித்தால் நம் நம்பிக்கை நீர்த்துப்போகும் என்ற அச்சம் நமக்குப் புதிதாக வந்ததில்லை.

தரங்கம்பாடி அச்சகத்தில் 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமை பெற்றது. மொழிபெயர்க்க உட்கார்ந்தவுடன் சீகன்பால்குவின் முன்னால் வந்து நின்றது ஒரு சொல்தான்: கடவுளை என்னவென்று அழைப்பது? கத்தோலிக்கர்கள் ஏற்கெனவே புழங்கிவந்த 'சர்வேசுரன்' என்ற சொல்லையே அவர் எடுத்துக்கொண்டார். அதில் ஈசுவரன் இருக்கிறார். சைவ வாடை அப்பட்டமாக வீசும் சொல். பின்னால் வந்த ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியுஸ் ஐயர் அதை விட்டுவிட்டுப் 'பராபரன்' என்றார். அதே நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியில் தாயுமானவர் கண்ணிக்குக் கண்ணி 'பராபரமே' என்று உருகிக்கொண்டிருந்தார். 1871-ல் வந்த பதிப்பு 'தேவன்' என்றது. பெரும்பாலான சீர்திருத்த சபைகளின் காதில் இன்றும் ஒலிப்பது அதுதான். 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்றது.

சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள். நான்குமே கிறிஸ்தவர்கள் உண்டாக்கிய சொற்கள் இல்லை. அயலார் வீட்டில் கைமாற்று வாங்கிய பாத்திரங்கள். அதில்தான் நம் சோற்றைப் பொங்கினோம். அம்மாச்சி படித்த பைபிளில் 'தேவன்'. அப்பாயி சந்தோஷத்தில் 'ஆண்டவரே' என்பார், இடி இடித்தால் 'சர்வேசுரா' என்பார். எந்தச் சொல் சரி என்று அவரைக் கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது. குத்துவிளக்கு அந்நியச் சமயத்துக்கு உரியது என்று வாதிடுகிறவர்கள், தாம் கூப்பிடும் கடவுளின் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

குறத்தி சொன்ன குறி

கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. வீரமாமுனிவர் அங்கேதான் நெடுங்காலம் தங்கினார். அடைக்கல அன்னை ஆலயத்துக்கு இன்றும் மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இயேசுவின் வளர்ப்புத் தந்தையான புனித சூசையப்பரை 'வளன்' என்று பெயரிட்டு அவர் பாடிய தேம்பாவணியில் 36 படலங்கள், 3,615 பாடல்கள். அதில் வரும் யூதேயா நாட்டைப் படித்துப்பாருங்கள். நெல் விளைகிறது, வாய்க்கால் ஓடுகிறது, தாமரை பூக்கிறது. யோர்தான் கரையைப் பாட உட்கார்ந்த இத்தாலியர், ஜன்னல் வழியே தெரிந்த மருத நிலத்தைப் பாடிவிட்டார் என்றே எனக்குத் தோன்றும். பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உழவனின் காலில் ஒட்டிய சேறு தெரியாத விண்ணரசை இந்த ஊரில் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

தஞ்சாவூரில் கதை இன்னும் சுவையானது. 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் திருச்சி வழியாகத் தஞ்சைக்கு வந்து அரண்மனையின் நம்பிக்கையைப் பெற்றார். இளவரசர் சரபோஜிக்குக் காப்பாளரானார். 1798-ல் அவர் இறந்தபின் சரபோஜி நிறுவிய பளிங்குச் சிற்பத்தைச் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் பார்க்கலாம்: படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையை அரசர் பிடித்திருக்கிறார். சிற்பி லண்டனைச் சேர்ந்த பிளாக்ஸ்மேன்.

சுவார்ட்ஸ் திருநெல்வேலியிலிருந்து அழைத்துவந்து வளர்த்த பையன்தான் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சரபோஜி மன்னருக்கு அவர் பள்ளித்தோழர். தஞ்சையில் அப்போது குறவஞ்சி ஆடல் கொடிகட்டிப் பறந்தது. சரபோஜியைப் பாட்டுடைத் தலைவராக வைத்த சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டது. அதே ஊரில், அதே காலத்தில் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். தலைவி தேவமோகினி காதல் கொள்வது பெத்லகேம் நாதர்மேல். குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்கிறாள். சூரியனைப் பூமி சுற்றுகிறது என்ற புதிய வானியலும் அந்தப் பாட்டுக்குள்ளேயே வருகிறது. பண்பாட்டோடு உரையாடுவது எப்படி என்று இன்று கருத்தரங்கு நடத்துகிறோமே, அதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் சதங்கை கட்டிப் பதில் சொல்லிவிட்டார். அவர் கீர்த்தனைகளை ராகம், தாளம் சொல்லி இன்றும் பாடுகிறோம்.

பின்னால் வந்தவர்களையும் குறிப்பிட வேண்டும். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) தமிழின் முதல் நாவலை எழுதியவர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும் அவர் பாடினார், எந்தச் சமயத்தவரும் கூச்சமின்றிப் பாடலாம். ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரில் 1912 முதல் இசை மாநாடுகள் கூட்டி, 1917-ல் கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலை வெளியிட்டார்.

ஒரே மூட்டை

இதுவரை சொன்னதோடு நிறுத்திக்கொண்டால் பெருமைக் கட்டுரையாக முடிந்துவிடும். அப்படித்தான் பெரும்பாலும் எழுதுகிறோம். ஆனால் இந்த மண்ணிலிருந்து பாட்டை எடுத்துக்கொண்ட அதே கை, சாதியையும் எடுத்துக்கொண்டது.

தரங்கம்பாடி, தஞ்சாவூர் சபைகளில் தொடக்கத்திலிருந்தே வேளாளர் ஒரு பக்கமும் ஒடுக்கப்பட்டவர்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். நற்கருணைக்கு வருவதிலும் முன் பின் இருந்தது. பழைய மிஷனரிகள் இதைக் காலப்போக்கில் சரியாகும் என்று விட்டுவைத்தார்கள். 1820-களில் வந்த இளைய மிஷனரிகள் பொறுக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும், ஒரே கிண்ணத்தில் பருக வேண்டும் என்றார்கள். 1833-ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது.

எதிர்த்தவர்களின் பக்கம் நின்று எழுதியவர் வேதநாயகம் சாஸ்திரியார்.

இதை எழுதக் கை கூசுகிறது. அவருடைய பாடல்களை நெஞ்சில் சுமந்து வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். அவர் தரப்பு முறையீட்டைக் கவனித்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. புதிய மிஷனரிகள் பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்தியது, பண்டிகைகளையும் பூ அலங்காரத்தையும் தடுத்தது, தமிழ்ப் பாட்டை ஆராதனையிலிருந்து விலக்கியது, சாதிகளைக் கலக்கச் சொன்னது – எல்லாமே அவருக்கு ஒரே வகைக் கொடுமையாகத் தெரிந்தன. ராகமும் மல்லிகையும் வரிசையில் முன்னால் உட்காரும் உரிமையும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருந்தன. அந்த வெள்ளைக்காரர்களும் அதே மூட்டையைத்தான் பார்த்தார்கள். சாதியை வீசுகிறோம் என்று பாட்டையும் பூவையும் சேர்த்து வீசினார்கள். பிரித்துப் பார்க்க இரு தரப்பிலும் ஆளில்லை.

என் கருத்தில், இன்றைய குழப்பம் முழுவதும் அந்த மூட்டைக்குள் இருக்கிறது. பண்பாடு என்பதை மொத்தமாக ஏற்கவோ மொத்தமாகத் தள்ளவோ முடியாது. விளக்கு, கோலம், பறை, பரதம், பொங்கல் எல்லாம் ஏற்கத்தக்கவை. ஒரு மனிதனைத் தாழ்த்தும் எதுவும் விலக்கத்தக்கது. இவ்வளவுதான் அளவுகோல். நாம் நேர்மாறாகச் செய்தோம்: விளக்கைப் பற்றி வாதிட்டோம், வரிசையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கடற்கரைக்குச் சற்று உள்ளடங்கிய எங்கள் ஊரில் எனக்குப் பத்து வயதில் நடந்ததைச் சொல்கிறேன். கோயில் திருவிழாவின் கடைசி நாள், தேர் பவனி. மின்விளக்குச் சரம் சுற்றிய தேர், பின்னால் மூன்று சக்கர வண்டியில் ஜெனரேட்டர், முன்னால் பேண்டு வாத்தியம். வாய்க்கால் மதகுக்கு வந்ததும் தேர் நின்றது, திரும்பியது. மதகுக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு. அவர்களும் எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள்தான். கையில் மெழுகுதிரியும் முந்தானையில் உப்பும் மிளகுமாகப் பெண்கள் மதகைத் தாண்டி வந்து நின்றார்கள். தேரின்மேல் உப்பு மிளகு போட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். "ஏன் அந்தத் தெருவுக்குப் போகவில்லை?" என்று கேட்டதற்குப் பாதை குறுகல் என்று ஒரு பெரியவர் சொன்னார். மறுவாரம் அதே பாதையில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று தேருக்குப் பின்னால் நாங்கள் பாடிய பாட்டு அருமையான கல்யாணி ராகம்.

யாருடைய பண்பாடு

உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) முடிந்தபின் கத்தோலிக்கத் திருச்சபையில் காற்று மாறியது. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. 1969-ல் இந்திய வழிபாட்டுக்கென்று பன்னிரண்டு மாற்றங்களுக்கு ரோமாபுரி ஒப்புதல் தந்தது: தரையில் அமர்வது, கை கூப்பி வணங்குவது, ஆரத்தி எடுப்பது, எண்ணெய் விளக்கு ஏற்றுவது போன்றவை. இந்த முயற்சியின் முன்னணியில் நின்றவர் தமிழரான அமலோற்பவதாஸ் அடிகள். அதற்கு முன்பே, 1950-ல், குளித்தலை அருகே காவிரிக் கரையில் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கிக் காவி கட்டியிருந்தார்கள். 1968-ல் அங்கே வந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ் 1993-ல் இறக்கும்வரை அந்த வாழ்வைத் தொடர்ந்தார். திருச்சியில் 1977-ல் தொடங்கிய கலைக்காவிரி என்ற கலை நிறுவனம், விவிலியக் கதைகளைப் பரத மேடைக்குக் கொண்டுவந்தது.

இவர்களுடைய நேர்மையில் எனக்கு ஐயமில்லை. சாந்திவனத்து மரநிழலில் மாலைச் செபத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தால் தெரியும். ஆற்றங்கரை அமைதி அப்படியே மனத்தில் இறங்கும். ஆனால் தலித் கிறிஸ்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்: இந்தியப் பண்பாடு என்று நீங்கள் எடுத்துக்கொண்டது யாருடையது? சமஸ்கிருத மந்திரம், ஆரத்தித் தட்டு, துறவியின் காவி எல்லாம் கருவறைக்குப் பக்கத்தில் நின்றவர்களின் பண்பாடு. கருவறைக்கு வெளியே, ஊருக்கே வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பறை எங்கே? அவர்கள் பாட்டு எங்கே? மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் ஆராதனை முறை அமைத்தது இந்தக் கேள்வியின் விளைவு. 'பறட்டை' என்பது அவரே வைத்துக்கொண்ட பெயர். சாவுக்கு மட்டும் அடிக்கப்பட்ட பறை உயிர்ப்பு ஞாயிறன்று கோயிலுக்குள் ஒலித்தபோது, சிலர் முகம் சுளித்தார்கள். குத்துவிளக்குக்குச் சுளிக்காத முகங்களும் அவற்றில் இருந்தன.

மன்றாட்டில் வரும் பெயர்கள்

பண்பாடு பற்றிய கேள்வி ஏன் செபத்தில் வந்து முடிகிறது? ஒரு சமூகம் யாரைத் தன்னவர் என்று கருதுகிறது என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டைக் கவனிப்பது. நம்பிக்கையாளர் மன்றாட்டில் திருத்தந்தைக்காக, ஆயருக்காக, மழைக்காக, மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்க வேண்டும் என்பதற்காகச் செபிக்கிறோம். தண்ணீர் வந்து குறுவை நட்டால்தான் எங்கள் பக்கம் அடுப்பு எரியும். அந்தச் செபம் வாயிலிருந்து வருவதில்லை, வயிற்றிலிருந்து வருகிறது. அந்தப் பட்டியலில் வராத பெயர்கள் எவை?

1968 டிசம்பர் 25. கிறிஸ்து பிறப்பு நாள் இரவு. அன்றைய கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். வேளாங்கண்ணிக்கு அதிகத் தூரமில்லாத ஊர் அது. குடிலில் வைக்கோல் பரப்பி, குழந்தை இயேசுவை வைத்து, விளக்குப் போட்டிருந்த வீடுகள் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ. நான் வளர்ந்த காலம் முழுவதும் எந்தக் கிறிஸ்துமஸ் பூசையிலும் அந்த 44 பேர் பெயரைச் சொல்லிச் செபித்து நான் கேட்டதில்லை. பெத்லகேமில் ஏரோது மன்னன் கொன்ற மாசில்லாக் குழந்தைகளுக்கு டிசம்பர் 28-ல் திருநாள் உண்டு.

2018-ல் அது மாறியது. நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன; எங்கள் கோயிலின் ஓடுகளில் பாதி போய்விட்டன. அந்த ஆண்டு நள்ளிரவுப் பூசை தார்ப்பாய்க்குக் கீழே நடந்தது. மதகுக்கு அந்தப் பக்கத்து இளம்பெண் ஒருவர் மன்றாட்டு வாசிக்க வந்தார். புயலில் வீடிழந்தவர்களுக்காக முதல் மன்றாட்டு. இரண்டாவதாக, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் கீழ்வெண்மணியில் எரிந்துபோனவர்களுக்காக என்று வாசித்தார். ஒரு கணம் பதில் வரவில்லை. பிறகு "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பின்வரிசையிலிருந்து தொடங்கி முன்வரிசைக்கு வந்தது. வழக்கமாக முன்வரிசைதான் தொடங்கும்.

நீதி வற்றாத ஆறாகப் புரண்டுவரட்டும், உங்கள் பாட்டுச் சத்தம் எனக்கு வேண்டாம் என்று கடவுள் சொன்னதாக ஆமோஸ் இறைவாக்கினர் எழுதியிருக்கிறார். வற்றும் ஆறு எப்படியிருக்கும் என்று கடைமடைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தலைமடையில் தாராளமாகப் பாய்ந்து, கடைமடைக்கு வராத தண்ணீரும் தண்ணீர்தான். எங்கள் வயல் காய்ந்து கிடக்கும், அவ்வளவுதான்.

மோரும் அலையும்

வேளாங்கண்ணியைச் சொல்லாமல் இங்கே செபத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே காவி உடுத்து நடந்து வருகிறவர்கள் எங்கள் சாலையில் போவார்கள். அவர்களில் பாதிப் பேராவது கிறிஸ்தவர் அல்லாதவர்கள் என்று நடப்பவர்களோடு பேசியே சொல்லுவேன். தொட்டில் கட்டுவார்கள், மொட்டை போடுவார்கள், தேங்காய் எண்ணெய் கொண்டுபோவார்கள். பால் கொண்டுபோன சிறுவனுக்கும், மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுக்கும் மாதா காட்சி தந்தார் என்பது தலத்தின் மரபு. 1962-ல் பேராலயமாக உயர்த்தப்பட்ட இடம், ஏழைச் சிறுவன் ஒருவனின் மோர்ப் பானையிலிருந்து தொடங்குகிறது.

அதனால் எங்கள் ஊரில் நீர்மோர்ப் பந்தல் போடுவோம். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தட்டிப்போட்ட மோர், மண்பானையில். பந்தலில் டம்ளர் கழுவும் வேலைதான் எனக்கு. மோர் குடிக்கிறவர் காலைப் பார்ப்பேன். கொப்புளம் வெடித்து, துணி சுற்றிய கால். பெரிய இறையியல் எதுவும் அவர்கள் பேசுவதில்லை. "மாதாவுக்கு நேர்ந்துகிட்டேன்" என்பதோடு சரி. கல்வியறிவுள்ள கிறிஸ்தவர்கள் சிலர் இதைப் பேரம் என்பார்கள். பேரமும் இருக்கிறதுதான். ஆனால் நூறு மைல் நடந்த கால், வாயால் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லிக்கொண்டே வருகிறது. அதைச் செபம் என்று ஏற்காதவர் பைபிளின் சங்கீதப் புத்தகத்தையும் சரியாகப் படித்திருக்க மாட்டார்.

இன்னொன்றைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளும் அதில் அடக்கம். கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள், தண்ணீர் உள்ளே வரவில்லை என்று அப்புறம் பல மேடைகளில் சாட்சி சொன்னார்கள். பிழைத்தவர் நன்றி சொல்வது இயல்பு. ஆனால் கையிலிருந்து குழந்தையை நழுவவிட்ட தாய் கேட்கும் தூரத்தில் அதைச் சொல்லலாமா? அவர் பிள்ளை செபிக்காமலா போனது? சங்கீதக்காரர், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று ஆண்டவரிடம் சண்டை போடுகிறார். அந்த ஒப்பாரிக்கு வேதத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது. ஒப்பாரி வைக்கத் தெரிந்த நிலத்தில் பிறந்துவிட்டு, வழிபாட்டில் மட்டும் அதை மறந்துவிட்டோம். வெற்றிக் கதைகள் மட்டுமே செபம் என்றாகிவிட்டது.

கைபேசி அந்தப் பழக்கத்தை இன்னும் வேகப்படுத்தியிருக்கிறது. விடிந்ததும் பதினொரு பேருக்கு அனுப்பச் சொல்லி ஒரு செபம் வருகிறது. அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் தவறிப்போகுமாம். கைபேசியின்மேல் எனக்குக் கோபமில்லை. தொற்றுக் காலத்தில் 2020-ல் வேளாங்கண்ணித் திருவிழா பக்தர்கள் இல்லாமல் நடந்தபோது, நடக்க முடியாத எத்தனையோ பேர் வீட்டிலிருந்தபடியே கொடியேற்றத்தைப் பார்த்து அழுதார்கள். துபாயில் கட்டட வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இரவு வேலை முடிந்து தன் தாயோடு கைபேசியிலேயே செபமாலை சொல்கிறான். பதினொரு பேருக்கு அனுப்பும் செபத்தில் பெயர் இருப்பதில்லை, முகம் இருப்பதில்லை. அம்மாச்சி பாயின்மேல் முழங்காலிட்டுச் சொன்ன ஜெபத்தில் பெயர்கள்தான் இருந்தன.

தேரைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. புயலுக்கு அடுத்த திருவிழாவில், பங்குப் பேரவையில் மூன்று கூட்டம் நடந்து, இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வெளியேறி, கடைசியில் தேர் மதகைத் தாண்டியது. அந்தத் தெரு முழுவதும் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். முந்தானையில் உப்பும் மிளகுமாக மதகுக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பவர்களில் ஒருவராக நான் சிறுவயதிலிருந்து பார்த்துவந்த மூதாட்டி, அன்று தன் வாசலில் நின்றார். தேர் வந்ததும் போடுவதற்குக் கையை உயர்த்தியவர் அப்படியே நின்றுவிட்டார். பேத்தி அவர் விரல்களைப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

கல்லறைத் தோட்டம் இன்னும் மாறவில்லை. திருச்சியில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே சாதிச் சுவர் நிற்பது பத்திரிகைகளில் வந்த செய்தி. எங்கள் ஊரில் சுவர் கிடையாது; மேட்டுப் பக்கம், பள்ளப் பக்கம் என்று இருக்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள், ஐப்பசி அடைமழையில் வரும். சென்ற ஆண்டும் மேட்டில் நின்ற நாங்கள் குடை பிடித்து மெழுகுதிரி ஏற்றினோம். பள்ளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அங்கே நின்றவர்கள் திரிகளைச் செங்கல்லின்மேல் வைத்து ஏற்றினார்கள். சாமியார் புனித நீர் தெளித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார். வரும் பங்குப் பேரவைக் கூட்டத்தில் மண் அடித்து மேடாக்கும் செலவு மூன்றாவது பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது.